ஊசித் துவாரத்துச் சாஸ்திரம்

திண்டுக்கல்லிலிருந்து கோடைக்கானலுக்குச் சுமார் 95 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வரையில் பிரயாணம் வெகு சுகம். தென்னந்தோப்புகளையும் வயல்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். அதற்கப்புறம் மலை ஆரம்பமாகிறது. மனிதர்களுக்கு உல்லாசம் பிறக்கும் அந்த இடத்தில்தான் சில யந்திரங்களுக்குக் கஷ்டகாலம் பிறக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால், நம்முடைய பழைய மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடைக்கானலுக்குப் புறப்பட்டோம். அந்த வண்டி நம்மிடம் வருவதற்கு முன்னால் இரண்டு பேரிடம் ஊழியம் செய்தது. சமவெளியில் அதைக் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும், அவ்வளவுதான். ஊத்து என்ற இடத்தைத் தாண்டியதும் இருமத் தொடங்கிற்று. பெருமாள்மலையை நெருங்கும்போது பின்னால் கரும்புகை எழும்பி, நமக்குப் பின்னால் வந்த கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவில், "இனி உன் சமர்த்து" என்று சொல்வதுபோல் வண்டி நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். அங்கேயிருந்த லாரி டிரைவர் ஒருவர் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். அது அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி. கார்புரேட்டரைப் பாருங்க ஸார்" என்றார். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கும் நமக்கு, கார்புரேட்டர் என்ற பெயர் தெரியும். அது என்ன செய்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று மலையிலிருந்து இறங்கும்போது, அந்தச் சின்னஞ்சிறு யந்திரத்தின் ரகசியத்தை எப்படியாவது தெரிந்துகொள்வது என்று தீர்மானம் செய்தோம்.

தொண்டை குறுகினால் வேகம் கூடும்

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை இஞ்சினுக்குப் பிரயோஜனமில்லை. அது ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் சிலிண்டருக்குள்ளே தீப்பொறி பட்டவுடன் வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். அந்தக் கலவைக்கும் ஒரு கணக்கு உண்டு. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எடைக்குக் காற்று 14.7 பங்கு எடை வேண்டும். கன அளவில் சொன்னால் இன்னும் ஆச்சரியமாயிருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றுத் தேவை. நாம் பங்கில் காசு கொடுத்து வாங்குவது பெட்ரோலைத்தான். ஆனால் வண்டி பிரதானமாகச் சாப்பிடுவது இனாமாகக் கிடைக்கும் காற்றை. இந்த இரண்டையும் ஒவ்வொரு க்ஷணமும் சரியான விகிதத்தில் கலந்து கொடுக்கும் சமையற்காரர்தான் கார்புரேட்டர்.

அந்தச் சமையற்காரருக்குக் கண்ணுமில்லை, தராசுமில்லை. பின் எப்படி அளக்கிறார்? ஒரு குழாயின் நடுப்பகுதியைக் குறுக்கினால், அந்தக் குறுகலான இடத்தில் காற்று வேகமாகப் பாயும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். டானியல் பெர்னூலி என்ற சாஸ்திரி 1738-ல் பிரசுரித்த நூலில் இதன் அடிப்படையை விளக்கினார். வெந்தூரி என்ற இத்தாலியர் 1797-ல் குறுகிய குழாய்களைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் கார்புரேட்டரின் தொண்டைக்கு அவர் பெயர்தான். அழுத்தம் குறைந்த அந்தத் தொண்டையில் ஒரு சிறு துவாரம் வைத்து, அதன் அடியில் பெட்ரோலை நிறுத்தினால், அது தானாகவே மேலே இழுக்கப்பட்டுத் துளித்துளியாகச் சிதறும். கொசு மருந்து அடிக்கும் பழைய 'ப்ளிட்' பம்பை உபயோகித்தவர்கள் இந்த வித்தையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

முதல் மோட்டார் வண்டிகளில் இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. பெட்ரோல் தேங்கியிருக்கும் பாத்திரத்தின்மேல் காற்றைத் தவழவிட்டு, வந்த ஆவி வரட்டும் என்று விட்டிருந்தார்கள். 1893-ல் ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரில் பாங்கி, சோங்கா என்ற இரண்டு இஞ்சினீயர்கள் பெட்ரோலைத் துவாரத்தின் வழியாகத் தெளிக்கும் முறைக்குப் பேடண்ட் வாங்கினார்கள். பூக்காரி ஒருத்தி குழாயில் வாயை வைத்து ஊதிப் பூக்களின்மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து அவர்களுக்கு இந்த யோசனை தோன்றியதாக ஒரு கதை உண்டு. அதே வருஷத்தில் ஜெர்மனியில் மைபாக் என்பவரும் தனியே இதே வழியைக் கண்டுபிடித்தார்.

பழனி பஸ்

1893 என்றதும் நமக்கு வேறொரு ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில்தான் கோயம்புத்தூருக்கருகில் கலங்கல் கிராமத்தில் ஜி. டி. நாயுடு பிறந்தார். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டுவிட்ட அவர், ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஏறிவந்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியதும், கோயம்புத்தூரில் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கியதும், வாங்கிய பின் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே யந்திர நுட்பத்தைக் கற்றுக்கொண்டதும் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வரலாறு.

அந்தப் படிப்பின் பலன் நமது ஜில்லாவுக்கே வந்து சேர்ந்தது. 1920-ல் அவர் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். பழனி அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. 1985-ல் திண்டுக்கல் ஜில்லா ஏற்பட்டபோது இதோடு சேர்ந்தது. ஒற்றைப் பஸ்ஸாகத் தொடங்கிய முயற்சி பின்னால் நூற்றுக்கணக்கான பஸ்கள் கொண்ட ஸ்தாபனமாயிற்று. தம்மைப்போல் கையால் கற்கும் வாய்ப்பு வாலிபர்களுக்கெல்லாம் கிடைக்கவேண்டும் என்று 1945-ல் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையம் தோன்றவும் அவர் காரணமாயிருந்தார்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, தமிழ்நாட்டு மோட்டார் உலகம் இன்னொரு பரீட்சையில் தேறிற்று. மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனியார் கரிவாயுக் கருவிகளைத் தயாரித்து விற்றார்கள். மரக்கரியைக் குறைந்த காற்றில் புகையவிட்டு, அதில் உண்டாகும் வாயுவைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுத்தால் பஸ் ஓடும். பெட்ரோல் இல்லாவிட்டால் என்ன, இஞ்சினுக்கு வேண்டியது எரியக்கூடிய கலவைதானே என்று தத்துவம் தெரிந்தவர்கள் யோசித்ததால் பஸ்கள் நிற்கவில்லை. தத்துவம் தெரியாதவர்களுக்குப் பெட்ரோல் தீர்ந்தால் பிரயாணமும் தீர்ந்தது.

புத்தகப் படிப்பு

நாயுடுவைப்போல் பிரித்துப் பார்த்துக் கற்க நமக்குத் தைரியம் வரவில்லை. பி.ஏ. படித்தவனுக்குப் புத்தகத்தைக் கண்டால்தானே தைரியம்! மோட்டார் இஞ்சின்களைப் பற்றிய ஆங்கில நூல்கள் மூன்றை வரவழைத்து, இரண்டு மாதம் இரவு நேரங்களில் படித்தோம்.

படிக்கப் படிக்க அந்தச் சிறு பாத்திரத்தின்மேல் நமக்கு மரியாதை உண்டாயிற்று. பெட்ரோல் டாங்கியிலிருந்து வரும் எண்ணெய் முதலில் மிதவை அறையில் தங்குகிறது. வீட்டு மாடித் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே ஏற்பாடுதான் இங்கும். மட்டம் ஏறினால் மிதவை எழும்பி, கூர்மையான ஊசி ஒன்றைத் தள்ளி வழியை மூடும், இறங்கினால் திறக்கும். அந்த மட்டம் இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் கலவை கெடும்.

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் மூன்று சமையற்காரர்கள் முறைவைத்து வேலை செய்கிறார்கள் என்று சொல்லலாம். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போதும் த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறக்கும்போதும் சிறிய ஜெட் வேலை செய்கிறது. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரையில், மேலும் கீழும் அசையும் ஒரு நீண்ட ஊசியின் ஆட்சி. அதற்கும் மேலே திறந்தால் பெரிய ஜெட்டின் துவாரம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. ஊசியின் தலையில் வரிசையாகச் சில வெட்டுக்கள் உண்டு. ஒரு கிளிப்பை அவற்றில் எதில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப ஊசி உயரும் அல்லது தாழும். உயர்ந்தால் பெட்ரோல் அதிகம், தாழ்ந்தால் குறைவு. கலவை எப்படியிருக்கிறது என்பதை ப்ளக்கின் நிறம் சொல்லும். கறுப்பாயிருந்தால் பெட்ரோல் அதிகம். சாம்பல் வெளுப்பாயிருந்தால் காற்று அதிகம். பதமாக வெந்த முறுக்கின் நிறமாயிருந்தால் எல்லாம் க்ஷேமம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் நம் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். பெட்ரோல் அதிகமென்று தெரியும்; குறைக்கவேண்டும். கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை வெளியே திருகினால் காற்று அதிகமாகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. திருகினோம். புகை அதிகமாயிற்று. இன்னும் திருகினோம். தெருவே புகைந்தது. வீட்டிலிருந்தவர்கள் ஜன்னல்களைச் சாத்தினார்கள். புத்தகம் பொய் சொல்லுமா என்று திகைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு பேட்டையிலுள்ள ஒரு பட்டறைக்குப் போனோம்.

பித்தளையும் கம்பியும்

பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய தகப்பனார் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். நாம் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் திருகாணி எந்தப் பக்கம் இருக்கு, ஸார்? காத்து வர பக்கமா, இஞ்சின் பக்கமா?"

பார்த்தோம். இஞ்சின் பக்கம் இருந்தது.

"காத்து வர பக்கம் இருந்தா அது காத்தைக் கட்டுப்படுத்தும், வெளியே எடுத்தா பெட்ரோல் குறையும். இஞ்சின் பக்கம் இருந்தா அது கலவையையே கட்டுப்படுத்தும். வெளியே எடுத்தா பெட்ரோல் கூடும். உங்க புஸ்தகத்துல இருக்கிறது வேற கார்புரேட்டர்."

நம்முடைய முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது போலும். "இன்னொண்ணு, ஸார். மலையில புகைஞ்சதுக்கும் இந்தத் திருகாணிக்கும் சம்பந்தமே இல்லை. இது நின்ன இடத்துல ஓடறதுக்கு. மலையில நீங்க முறுக்கிப் பிடிச்சில்ல போயிருப்பீங்க?" என்றார். மூன்று சமையற்காரர்களைப் பற்றி இரண்டு மாதம் படித்த நாம், எந்தச் சமையற்காரர் மேல் பிராது என்பதை யோசிக்கவே இல்லை!

மேஸ்திரி கார்புரேட்டரைக் கழற்றி, பெரிய ஜெட்டை வெளியே எடுத்தார். பித்தளையில் செய்த சின்னத் திருகாணி அது. நடுவில் ஊசித் துவாரம். அவர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து அந்தத் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்யப் போனார். இப்போது புத்தகத்தின் முறை வந்தது.

"அண்ணே, கம்பி விடாதீங்க. பித்தளை மெதுவான உலோகம்; துவாரம் பெரிசாயிடும். பெட்ரோலில் ஊறப்போட்டு, காற்றடித்துத்தான் சுத்தம் பண்ணவேணுமென்று மூன்று புத்தகத்திலும் இருக்கிறது" என்றோம்.

"நாப்பது வருஷமா கம்பிதான் விடறேன், ஸார். ஒரு தலைமுடி அளவு பெரிசானா என்ன ஆயிடும்?"

ஒரு பழைய காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினோம். சில கம்பெனிகளின் ஜெட்டில் 100 என்று இலக்கம் போட்டிருந்தால் துவாரத்தின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர். அது 1.05 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குறுக்களவு கூடினது நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் துவாரத்தின் பரப்பு நூற்றுக்குப் பத்துக்குமேல் கூடிவிடுகிறது. அந்த அளவுக்குப் பெட்ரோலும் கூடும்.

மேஸ்திரி பேசவில்லை. அலமாரியிலிருந்து அதே இலக்கமுள்ள புது ஜெட் ஒன்றை எடுத்தார். பழைய ஜெட்டில் தாராளமாக நுழைந்த கம்பி, புது ஜெட்டில் நுழைய மறுத்தது. யாரோ எந்தக் காலத்திலோ கம்பி விட்டுவிட்டு விகிதத்தைக் கெடுத்திருக்கிறார்கள். "பூட்டுக்கு அரம் போட்ட மாதிரிதான் ஆயிருக்கு. ஒரு இழை ஜாஸ்தி தேய்ச்சா எந்தச் சாவி போட்டாலும் திறக்கும்னு எங்கப்பா திட்டுவார்" என்று சொல்லி, கையிலிருந்த கம்பியை வளைத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஆனால் சமவெளியில் ஓரளவு ஓடின வண்டி, மலையில் மட்டும் ஏன் நின்றது? அதற்கும் கணக்கு உண்டு. திண்டுக்கல் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கோடைக்கானல் 2,100 மீட்டருக்குமேல். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இஞ்சின் இழுக்கும் காற்றின் கன அளவு அதேதான், எடை குறைந்துவிடுகிறது. பெட்ரோலும் கொஞ்சம் குறையும். ஆனால் காற்றுக் குறைந்த அளவுக்குக் குறையாது. ஆகவே மலையுச்சியில் கலவை தானாகவே நூற்றுக்குப் பத்துக்குமேல் கனத்துவிடும். ஜெட்டின் தோஷம் ஒரு பத்து, மலையின் தோஷம் ஒரு பத்து. இரண்டும் சேர்ந்தபோது நம் வண்டிக்கு மூச்சு முட்டிற்று.

"அதனாலதானா?" என்றார் மேஸ்திரி. "மலைக்குப் போற வண்டிக்கு ஊசியை ஒரு வெட்டு இறக்கணும்னு எங்க குரு சொல்லிக் கொடுத்தார். ஏன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை."

புது ஜெட் போட்டு, திருகாணியை முறைப்படி வைத்தார். இஞ்சின் சூடானபின் காதைச் சாய்த்துக் கேட்டு, அரைக்கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி நிறுத்தினார். எந்தப் புத்தகமும் நமக்குக் கொடுத்திராத காது அது. அடுத்த மாதம் ஊசியை ஒரு வெட்டு இறக்கிக்கொண்டு கோடைக்கானலுக்குப் போனோம். பெருமாள்மலையில் வண்டி நிற்கவில்லை; டீக்கு மட்டும் நாம் நின்றோம்.

பையன் கேட்ட கேள்வி

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த ஒரு பையன், நாம் கணக்குப் போட்ட காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாம் கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "ஸார், அந்தப் புஸ்தகம் தமிழ்லே இருக்கா?" என்று கேட்டான்.

நம்முடைய இரண்டு மாதப் படிப்பின் கர்வமெல்லாம் அந்தக் கேள்வியில் கரைந்துவிட்டது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டார்கள். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் இஞ்சினீயரிங் படிப்பில் இரண்டு பிரிவுகளைத் தமிழிலேயே போதிக்க ஏற்பாடாயிற்று. இவை தேசத்துக்குப் பெருமை தரும் காரியங்கள். ஆனால் கறுத்த கைகளோடு கார்புரேட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருந்தது? சுதந்திரம் வந்தபின்னும், நமது தொழிலாளியின் காதும் கையும் தமிழில் வேலை செய்கின்றன. அந்த வேலைக்குரிய காரணமோ ஆங்கிலப் புத்தகத்தில் பூட்டிக் கிடக்கிறது. பூட்டுக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஒரு சாவி செய்ய முடியாதா என்று வெட்கமாயிருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். ஜெட், ப்ளக், த்ராட்டில் என்று பட்டறையில் வழங்கும் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, காரணங்களை மட்டும் எளிய தமிழில் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் அதை உரக்கப் படிப்பான். மேஸ்திரி தப்பைத் திருத்துவார். "இந்த இடத்துல 'இஞ்சின் சூடானப்புறம்'னு எழுதுங்க ஸார், இல்லாட்டி பசங்க பச்சையாவே திருகுவாங்க" என்பார். இப்படியாக அந்த நோட்டுக்கு இரண்டு ஆசிரியர்கள் ஆனோம்.

2020 ஏப்ரலில் புதிய புகைச் சட்டம் வந்தபின், புது மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் ஸ்தானத்தில் மின்சார மூளையொன்று பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. மறையப்போகும் வித்தையைக் கற்பானேன் என்று சிலர் கேட்கலாம். பழைய வண்டிகள் இன்னும் நம் கிராமங்களில் ஏராளமாக ஓடுகின்றன. மருந்து தெளிக்கும் யந்திரங்களிலும் சிறு ஜெனரேட்டர்களிலும் கார்புரேட்டர் இருக்கிறது. அது போகட்டும். இன்னொரு விஷயம் சொல்லுகிறோம்.

2025-ல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எதனால் கலப்பது நாடெங்கும் பரவிவிட்டது. அப்போது பையன், இப்போது வாலிபன், நம்மிடம் வந்தான். "ஸார், நோட்டுல 14.7-ன்னு எழுதியிருக்கோமே, அது சுத்தப் பெட்ரோலுக்குத்தானே? எதனாலுக்கு ஒன்பது பங்கு காத்து போதும்னு படிச்சேன். அப்ப இந்தக் கலப்புக்குப் பதிமூணரைதான் வருது. பழைய ஜெட்டு அதே அளவுதான் விடும். அதனால காத்து ஜாஸ்தியாகி ப்ளக் வெளுக்கும். ஊசியை ஒரு வெட்டு ஏத்திப் பார்க்கலாமா?"

நம்முடைய மூன்று ஆங்கிலப் புத்தகங்களிலும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. மேஸ்திரியின் குருவும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. காரணம் தெரிந்தபடியால் அவனே கண்டுபிடித்துவிட்டான்.

மேஸ்திரி ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெளுத்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் ஊசியை அவன் கையிலேயே கொடுத்தார். நாம் நோட்டை விரித்து, 14.7 என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் புது இலக்கத்தை எழுதிக்கொண்டோம்.